அப்பாவைத் தேடிப் போன நாய்

பட்டாளம் எங்கள் தோட்டத்துக்கு வந்தபோது நான் கொழுந்து எடுக்கப் போய் இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி. கம்போங் ராஜா டவுனிலிருந்து மண்பாதையில் லோரி ஏறி வந்தால் முதலில் தொழிற்சாலை, அதற்கு மேலே வரிசை வீடுகளாக எங்கள் லயம், லயத்துக்கு மேலே மலை முழுக்கத் தேயிலை. தேயிலை முடிகிற இடத்தில் காடு. அந்தக் காட்டுக்குள் கம்யூனிஸ்டுகள் மறுபடி நடமாடுகிறார்கள் என்றார்கள். அம்மா அந்தச் சொல்லை வாய்விட்டுச் சொல்லமாட்டாள். "காட்டு ஆளுங்க" என்பாள், அதையும் தாழ்ந்த குரலில்.

பழைய தேயிலைக் கிடங்கில் சோல்ஜர்கள் தங்கினார்கள். காட்டோரம் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டு போகக் கூடாது என்று உத்தரவு வந்தது. அந்தச் சோறு காட்டுக்குள் போய்விடுமாம். காலையில் பாலில்லாத வரட்டீயைக் குடித்துவிட்டுப் போய், மதியம் கீழே இறங்கி வந்துதான் சாப்பிடுவோம். கூடையைக் கவிழ்த்துக் காட்டிவிட்டுத்தான் மேலே ஏற வேண்டும்.

அவர்களோடு ஒரு நாயும் வந்தது. கறுப்பு நாய். குட்டையான, பளபளப்பான முடி, தடித்த வால். தோட்டத்து நாய்கள் எல்லாம் சேர்ந்து குரைத்தாலும் அது திரும்பிப் பார்க்காது. அதை வைத்திருந்தவர் ஒரு தமிழ்ப் பையன். பையன் என்று இப்போது சொல்கிறேன். அப்போது என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அண்ணன் என்றுதான் கூப்பிட்டேன். சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். மற்ற சோல்ஜர்களில் பெரும்பாலானோர் மலாய்க்காரர்கள். நாயின் எச்சில் பட்டால் மண்ணைக் கரைத்துத் தேய்த்துப் பலமுறை கழுவ வேண்டும் என்பது அவர்கள் மார்க்கம். அதனால் நாய்க்குத் தனிக் கொட்டகை, தனித் தட்டு, தனிக் குழாய். அவர்களில் வயதான சார்ஜன் ஒருவர் இருந்தார், கிளந்தான்காரர். நாய் எதிரே வந்தால் பாதையை விட்டு இறங்கி நின்று வழி கொடுப்பார். அதன் மேல் அவருக்கு வெறுப்பு இருந்ததாகத் தெரியவில்லை. ஒரு பெரிய மனிதருக்கு ஒதுங்கி நிற்பதுபோல்தான் நிற்பார்.

அப்பாதான் தோட்டத்துத் தண்ணீருக்குப் பொறுப்பு. காட்டுக்குள் ஓர் ஓடையை மறித்துச் சின்ன அணை கட்டியிருந்தார்கள். அங்கிருந்து இரும்புக் குழாயில் தண்ணீர் லயத்துக்கும் தொழிற்சாலைக்கும் வரும். தினமும் காலையில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக்கு முன்னால் அப்பா பாராங்கத்தியோடு தனியாக மேலே போய், அணை வாயில் அடைத்துக் கிடக்கிற இலையையும் குச்சியையும் வாரிப் போட்டுவிட்டு வருவார். அந்தக் காட்டுப் பாதையில் அவரைத் தவிர வேறு யாரும் போவதில்லை.

ஒருநாள் ரோந்து போன சோல்ஜர்கள் அணைக்குப் பக்கத்து மூங்கில் புதரில் ஒரு தகர டின்னைக் கண்டுபிடித்தார்கள். உள்ளே அரிசி, உப்பு, கருவாடு. டின்னை மூடி ஒரு பழைய கோணி. மறுநாள் காலை பெரட்டில், காட்டோரம் வேலை செய்கிற ஆண்களை மட்டும் தனியாக நிறுத்தினார்கள். மருந்து அடிக்கிறவர்கள், விறகு வெட்டுகிறவர்கள், அப்பா. தோட்டத்துத் துரையும் கணக்கு எழுதும் கிராணியும் ஒரு பக்கம். சாதாரண உடுப்பில் வெளியூரிலிருந்து வந்த இரண்டு பேர் இன்னொரு பக்கம். பெண்கள் நாங்கள் கூடையோடு பின்னால் நின்றோம்.

நாய்க்காரர் கோணியை நாயின் மூக்குக்கு நேரே பிடித்தார். அது முகர்ந்தது. பிறகு ஒவ்வோர் ஆளாக அதை நடத்திக்கொண்டு வந்தார். மருந்து அடிக்கிறவர்கள் எல்லாரும் கண்ணை மூடிக்கொண்டார்கள். நாய் அவர்களைக் கடந்தது. விறகுக்காரர்களைக் கடந்தது. அப்பாவின் முன்னால் வந்ததும் நின்றது. அவர் முழங்காலை முகர்ந்தது, கையை முகர்ந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டது.

அப்பாதான் முதலில் பேசினார்.

"நான் தெனம் நடக்கிற பாதைலா அது. அங்க என் வாடை இல்லாம வேற யார் வாடை இருக்கும்?"

சாதாரண உடுப்பில் வந்தவர்களில் ஒருவர், நாய் பொய் சொல்லாது என்று மலாயில் சொன்னார். சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அப்பாவின் தோளில் கையை வைத்து ஜீப்புக்கு அழைத்துப் போனார். அம்மா பின்னாலேயே ஓடினாள். கங்காணி அவளைத் தடுத்து நிறுத்தினார். நாய்க்காரர் குனிந்து தரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து அப்பாவை விட்டார்கள். அடிக்கவில்லை. ஒரே கேள்வியைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள், அவ்வளவுதான் என்றார். ஆனால் போன மனிதர் வேறு, வந்தவர் வேறு. அதற்கு முன் அவர் வாய் ஓயாது. லயத்தில் யாருடைய குழாய் ஒழுகினாலும் கேலி பேசிக்கொண்டே சரிபண்ணுவார். வந்த பிறகு வேலைக்குப் போவதும் வருவதும்தான். லயமும் மாறிப்போனது. எனக்குப் பக்கத்து வரிசையில் கொழுந்து எடுக்கிற அக்கா வேறு வரிசைக்குப் போய்விட்டாள். அடுத்த வீட்டில் எங்களைக் கண்டால் பேச்சு நின்றுவிடும். யாரும் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதிலாவது சொல்லியிருப்போம்.

அந்த வாரத்தில் ஒரு சாயங்காலம் நாய்க்காரர் எங்கள் வீட்டுக்கு வந்தார். நாயைக் கீழே வேலியில் கட்டிவிட்டுத் தனியாகத்தான் வந்தார். அப்பா எழுந்திருக்கவில்லை.

"ஐயா, ஒன்னே ஒன்னு கேக்கணும். அந்தக் கோணிய நீங்க முன்ன எப்பவாச்சும் தொட்டிருக்கீங்களா?"

அப்பா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். பிறகு சொன்னார்: "அணை வாயில ஒரு கோணி சிக்கிக் கெடந்துச்சு. தண்ணி அடைச்சுது. இழுத்து மேட்டுல வீசினேன்."

"இத அவங்ககிட்ட சொன்னீங்களா?"

"அப்ப எனக்கு எங்க ஞாபகம் வந்துச்சு? டின்னு, டின்னுன்னுதான் கேட்டானுங்க."

"நீங்க வீசினத எவனோ எடுத்து மூடியிருக்கான். நான் ஆபீசர்கிட்ட சொல்றேன் ஐயா." கொஞ்சம் தயங்கிவிட்டு மறுபடி பேசினார். "என் நாய் தப்பு பண்ணல. உங்க வாடை இருந்துச்சு, இருக்குன்னு சொல்லுச்சு. மிச்சத்த மனுசங்கதான் சொல்லிக்கிட்டாங்க."

அப்பாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "நாய்க்கு வக்காலத்து வாங்க வந்தியா? இத்தன சனத்துக்கு முன்னால என்னயக் குத்தவாளி ஆக்கிட்டுப் போச்சு உன் நாய். போ தம்பி. போயிரு."

அவர் போய்விட்டார். ஆபீசரிடம் சொன்னாரா, சொல்லியும் பயன் இல்லையா, தெரியாது. எங்களுக்கு எந்தச் செய்தியும் வரவில்லை. அதற்குப் பிறகு நாய் வருகிற பாதையில் அப்பா நடப்பதை நிறுத்திவிட்டார்.

மழைக்காலம் தொடங்கிவிட்டிருந்தது. ஒருநாள் விடியும்போதே குழாயில் தண்ணீர் சன்னமாக வந்தது. அப்பா வழக்கம்போல் மேலே போனார். நாங்கள் பெரட்டு முடிந்து மலை ஏறினோம். பத்து மணிக்கெல்லாம் தண்ணீர் அடியோடு நின்றுவிட்டது என்று தொழிற்சாலையிலிருந்து ஆள் வந்து கத்தினான். மதியம் நான் கீழே இறங்கியபோது அப்பா வீட்டில் இல்லை. அம்மா வாசலில் நின்று மலையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேகம் இறங்கித் தேயிலையை மூடியிருந்தது. காடு எங்கே தொடங்குகிறது என்றே தெரியவில்லை.

கொழுந்து நிறுக்கிற கொட்டகையில் ஒருவன் சொன்னது என் காதில் விழுந்தது. "காட்டு ஆளுங்களோட போய்ச் சேந்துட்டான்யா. நான் அன்னைக்கே சொன்னேன்."

நான் திரும்பிப் பார்த்தேன். அவன் வேறு பக்கம் பார்த்தான்.

அம்மா அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே பட்டாளத்துக் கிடங்குக்கு நடந்தாள். நான் பின்னால் ஓடினேன். காவலுக்கு நின்ற சோல்ஜர் துப்பாக்கியைக் குறுக்கே பிடித்தான். அம்மா அதற்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டே தனக்குத் தெரிந்த மலாயில் கத்தினாள். காலையில் போனார், வரவில்லை, தேடிக் கொடுங்கள். சார்ஜன் வெளியே வந்து முழுவதையும் கேட்டார். உள்ளே போனார். உள்ளே பேச்சு நீண்டது. ஆபீசர் இளைஞர், அவர் குரல் உரக்கக் கேட்டது: அந்த ஆள் ஓடிப்போயிருந்தால்? அவர்களோடு சேர்ந்து நமக்காகக் காத்திருந்தால்? சார்ஜன் சொன்ன பதில் கேட்கவில்லை.

கடைசியில் நாய்க்காரர் வந்தார். "தங்கச்சி, அப்பா போட்டுக் கழட்டின துணி ஏதாச்சும் இருக்கா? தொவைக்காதது. கையால எடுக்காத. குச்சியில எடுத்துப் பையில போட்டுக் கொண்டா."

அப்பாவின் அழுக்குச் சட்டை கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்கியது. அம்மா துவைப்பதற்குள் அகப்பட்டதே என்று நினைத்தேன். அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும்போது கேட்டேன்.

"அண்ணே, கண்டா சுட்டுருவாங்களா?"

அவர் பையை வாங்கிக்கொண்டார். "நான்தான் முன்னால போறேன். நாய் போகும், அதுக்குப் பின்னால நான். உங்க அப்பாவ மொதல்ல பாக்கப் போறது நாங்க ரெண்டு பேரும்தான்."

"வெடி கெடி வச்சிருந்தா?"

"இது ஆள் தேடுற நாய் தங்கச்சி. வெடிக்கு வேற நாய் பழக்குவாங்க. இதுக்கு அது தெரியாது."

அதைச் சொன்னபடியே குனிந்து நாயின் கழுத்துப் பட்டையை மாற்றினார். பட்டையை மாற்றியதும் அந்த நாய் ஆளே மாறிவிட்டது. காது நிமிர்ந்தது, உடம்பு முழுதும் இழுத்துப் பிடித்த கயிறு மாதிரி ஆனது. அப்பாவின் சட்டையில் மூக்கைப் புதைத்து எடுத்தது. நேரே மலையைப் பார்த்து இழுக்க ஆரம்பித்தது.

தேயிலையின் கடைசி வரிசை வரைக்கும் அம்மாவும் நானும் போனோம். அங்கே சார்ஜன் கையைக் காட்டி நிறுத்தினார். ஒரு சோல்ஜரை எங்களோடு விட்டுவிட்டு அவர்கள் காட்டுக்குள் நுழைந்தார்கள். முதலில் நாய், நீளக் கயிறு, அதன் முனையில் நாய்க்காரர், பிறகு சார்ஜன், பிறகு மற்றவர்கள். ஒருவர் பின் ஒருவராக மேகத்துக்குள் மறைந்தார்கள். கிளை ஒடியும் சத்தம் கொஞ்ச நேரம் கேட்டது. அப்புறம் அதுவும் இல்லை.

மழை தூறியது. அம்மா தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எனக்கு இரண்டு பயம். அப்பாவைக் காணாமலே அவர்கள் திரும்பி வந்துவிட்டால் கொட்டகையில் கேட்டதுதான் உண்மை என்று ஆகிவிடும். கண்டுபிடித்துவிட்டால், எப்படிக் கண்டுபிடித்தார்கள், யாரோடு இருந்தார், கையில் என்ன இருந்தது என்று எல்லாம் வரும். எது நல்லது என்றே புரியவில்லை. எங்களோடு நின்ற சோல்ஜர் சின்னப் பையன். அவனும் துப்பாக்கியை மாற்றி மாற்றிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அப்போதுதான் வெடித்தது.

பெரிய சத்தம் என்று சொல்ல முடியாது. மேகமும் மரங்களும் அதை அமுக்கிவிட்டன. ஆனால் காலுக்குக் கீழே மண் அதிர்ந்தது. பறவைகள் கூட்டமாகக் கிளம்பின. அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். நான் காட்டை நோக்கி ஓடினேன். சின்னப் பையன் என் கையைப் பிடித்து இழுத்துக் கீழே தள்ளி, தானும் படுத்துக்கொண்டான். முகத்தில் ஈர மண் ஒட்டியது. துப்பாக்கிச் சத்தம் வரும் என்று காத்துக் கிடந்தோம். வரவில்லை. தூரத்தில் யாரோ கூப்பிடுகிற மாதிரி ஒரு குரல். ஆண் குரல். என்ன சொல்கிறது என்று தெரியவில்லை.

எவ்வளவு நேரம் போயிற்றோ. காட்டின் வாயில் ஓர் உருவம் தெரிந்தது. சார்ஜன். தொப்பி இல்லை. இரண்டு கையாலும் எதையோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வேகமாக இறங்கி வந்தார். கிட்டே வந்தபோதுதான் அது நாய் என்று தெரிந்தது. அதன் முன்னங்கால் ஒன்று முட்டிக்குக் கீழே இல்லை. அவருடைய பச்சைச் சட்டை முழுக்க ரத்தம். நாயின் தலை அவர் கழுத்தோடு சாய்ந்திருந்தது, வாய் அவர் கன்னத்தில் பட்டுக்கொண்டிருந்தது. அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

அம்மாவைப் பார்த்ததும் ஒரு நிமிடம் நின்றார். மூச்சு வாங்க மலாயில் சொன்னார்: "உங்கள் வீட்டுக்காரர் உயிரோடு இருக்கிறார். வருகிறார்." சொல்லிவிட்டு லயத்துப் பக்கம் இறங்கி ஓடினார்.

மேலே நடந்ததை நாய்க்காரரும் அப்பாவும் பிறகு சொல்லித்தான் அறிந்தோம். அன்று காலை அப்பா அணை வரைக்கும் போகவே இல்லை. பாதி வழியில் குழாய் ஒழுகும் சத்தம் கேட்டிருக்கிறது. பாதையை விட்டு இறங்கிப் பள்ளத்து ஓரமாகக் குழாயைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறார். மழையில் இளகியிருந்த மண் சரிந்து, குழாயும் அவரும் ஒன்றாகப் பள்ளத்தில் விழுந்துவிட்டார்கள். கால் எலும்பு முறிந்து, தலையிலும் அடிபட்டு, நினைவு வருவதும் போவதுமாகக் கிடந்திருக்கிறார்.

நாய் அவர் போன வழியிலேயே சரியாகப் போயிற்று. அவர் பாதையை விட்டு இறங்கிய இடத்தில் அது திகைத்தது. புது வாடை கீழே இழுத்திருக்கிறது, அவர் வருடக்கணக்காக நடந்த பழைய வாடை மேலே இழுத்திருக்கிறது. நாய்க்காரர் கயிற்றைத் தளர்த்தி அதையே தேடவிட்டார். பாதையில் கொஞ்ச தூரம் மேலே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்ப நினைத்ததோ என்னவோ. அங்கேதான் கால் பட்டால் வெடிக்கிற கம்பி கட்டியிருந்தது. கயிறு நீளமாக இருந்ததால் நாய்க்காரருக்குக் கன்னத்திலும் கையிலும் சின்னக் காயங்களோடு போயிற்று.

வெடிச் சத்தத்தில் அப்பாவுக்கு நினைவு திரும்பியிருக்கிறது. யாரோ இருக்கிறார்கள் என்று மட்டும் புரிந்து, இருந்த தெம்பை எல்லாம் சேர்த்துக் கத்தியிருக்கிறார். நாங்கள் கேட்டது அந்தக் குரல்தான்.

கொம்பிலும் மழைக்கோட்டிலும் தூளி கட்டி அப்பாவைக் கொண்டுவந்தார்கள். அவர் முகம் வெளுத்து, உதடு நீலமாக இருந்தது. என்னைப் பார்த்ததும், "தண்ணி வருதா?" என்று கேட்டார். அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டே நடந்தேன்.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் ஒரே ஒரு மேசை. அதில் ஏற்கெனவே நாய் கிடந்தது. அங்கே வைத்தியம் பார்க்கிற டிரசர் கையைக் கழுவிக்கொண்டு, மனிதனுக்கு மட்டும்தான் தனக்கு வைத்தியம் தெரியும் என்று சொல்லிக்கொண்டே அதன் காலை இறுக்கிக் கட்டினார். அப்பாவைத் தரையில் பாய் விரித்துப் படுக்க வைத்து, மூங்கில் பட்டை வைத்துக் காலைக் கட்டினார். நாய்க்காரர் தன் முகத்தில் வடிகிற ரத்தத்தைத் துடைக்கவே இல்லை. நாயின் காதருகே குனிந்து ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

நான் தண்ணீர் எடுக்க வெளியே வந்தேன். ஆஸ்பத்திரிக்குப் பின்னால் மழைத் தண்ணீர் பீப்பாய் பக்கத்தில் சார்ஜன் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றார். மண்ணைக் குழைத்துக் கையிலும் கழுத்திலும் கன்னத்திலும் பூசித் தேய்த்தார். அம்மா போய் வாளியை வாங்கினாள். அவர் குனிந்தார். அம்மா மொண்டு மொண்டு ஊற்றினாள். முடிந்ததும் அவர் தலையை அசைத்துவிட்டு, "அதுக்கு உயிர் இருக்கா?" என்று மலாயில் கேட்டார். இருக்கிறது என்றாள் அம்மா.

மேகம் விலகாததால் ஹெலிகாப்டர் வர முடியாது என்றார்கள். பட்டாளத்து லோரியில் வைக்கோல் பரப்பி அப்பாவையும் நாயையும் பக்கத்தில் பக்கத்தில் கிடத்தினார்கள். ஒரு பக்கம் நான், ஒரு பக்கம் நாய்க்காரர். கம்போங் ராஜாவைத் தாண்டி தானா ராத்தாவுக்கு அந்த வளைவுகளில் லோரி திரும்பும்போதெல்லாம் அப்பா பல்லைக் கடித்துக்கொண்டார். நாய் முனகியது. பாதி வழியில் அப்பா தலையைத் திருப்பி அதைப் பார்த்தார்.

"இதா என்னயத் தேடி வந்துச்சு?"

"ஆமாய்யா."

"கம்பிய மிதிச்சது இதுதானா?"

"ஆமா. இது மிதிக்கலன்னா நான் மிதிச்சிருப்பேன்."

அப்பா தன் மேல் போர்த்தியிருந்த கம்பளியின் ஒரு பக்கத்தை இழுத்து நாயின் மேல் போட்டார். கை அங்கேயே இருந்தது. தானா ராத்தா ஆஸ்பத்திரி வாசலில் அவரை இறக்கும் வரைக்கும் எடுக்கவில்லை. லோரி மிருக வைத்தியம் பார்க்க நாயை ஏற்றிக்கொண்டு தாப்பா பக்கம் இறங்கிவிட்டது.

அப்பா வீடு திரும்பப் பல வாரம் ஆயிற்று. அதற்குள் லயத்தில் பேச்சு மாறிவிட்டது. கங்காணிதான் தொடங்கி வைத்தார். "அவனுங்களுக்கு வேண்டிய ஆளா இருந்தா, இவரு தெனம் நடக்கிற பாதையிலயா வெடி வைப்பானுங்க? யோசிச்சுப் பாருங்கலா." எல்லாரும் யோசித்துப் பார்த்தார்கள். பக்கத்து வரிசை அக்கா மறுபடி என் பக்கத்தில் வந்து நின்றாள். கொட்டகையில் பேசினவன் வீட்டுக்கு வந்து அப்பாவின் காலைத் தொட்டுப் பார்த்து, வலிக்குதா என்று விசாரித்தான். சாதாரண உடுப்பில் வந்தவர்கள் மட்டும் வரவே இல்லை. தப்பாக நினைத்துவிட்டோம் என்று யாரும் எங்களிடம் சொல்லவும் இல்லை. அம்மாவுக்குக் கடைசி வரைக்கும் அந்த மனக்குறை தீரவில்லை.

அடுத்த வருடம் தீபாவளிக்கு முந்தின வாரம் நாய்க்காரர் சாதாரண உடுப்பில், கையில் ஒரு பலகாரப் பொட்டலத்தோடு வந்தார். கன்னத்துக் காயம் ஆறிக் கோடாகியிருந்தது. அவர் உட்காருவதற்குள் அப்பா கேட்டுவிட்டார்.

"அவன் எப்படி இருக்கான்?"

"இருக்கான் ஐயா. பட்டாளத்துக்கு இனி ஆகாதுன்னு சொல்லிட்டாங்க. நான் கேட்டு வாங்கி அம்மாகிட்ட விட்டிருக்கேன். மூணு கால்ல கோழிய வெரட்டுறான்."

அப்பா அவரை எங்களோடு சாப்பிட வைத்தார். மறுவருடம் பள்ளி விடுமுறை மாதத்தில் ஒருநாள், அம்மா வேண்டாம் என்று சொல்லியும், அப்பா தாங்கித் தாங்கி நடந்து பஸ் ஏறினார். நானும் கூடப் போனேன். தாப்பாவில் ஒரு பஸ், ஈப்போவில் ஒரு பஸ் மாறி அந்த ரப்பர் தோட்டத்துக்குப் போய்ச் சேர மத்தியானம் ஆகிவிட்டது. வேலிக்குப் பின்னாலிருந்து கறுப்பு நாய் எழுந்து நின்று எங்களைப் பார்த்துப் பலமாகக் குரைத்தது. வாய்க்கு ஓரம் நரைத்திருந்தது. அப்பா கையை நீட்டினார். அது முகர்ந்தது. மறுபடியும் குரைத்தது.

"வெடிச்சதுல அதுக்கு மூக்கு மந்தமாயிருச்சு," என்று நாய்க்காரரின் அம்மா வருத்தமாகச் சொன்னார். "யாரையும் வாடைய வச்சுத் தெரியாது. பாத்துப் பழகினாத்தான்."

"பரவால்லலா," என்றார் அப்பா. வேலியை ஒட்டி ஒரு பலகையில் உட்கார்ந்து, கொண்டுபோன வேகவைத்த இறைச்சியைப் பொட்டலத்திலிருந்து எடுத்துச் சின்னச் சின்னதாகப் பிய்த்துப் போட்டார். முதல் துண்டை அது தொடவில்லை. இரண்டாவதையும் தொடவில்லை. அப்பா அவசரப்படவில்லை. அந்த அம்மா டீ கொண்டுவந்து கொடுத்தபோது நாய் கிட்டே வந்து, மூன்று காலில் ஒருபக்கமாகச் சாய்ந்து நின்றபடி தின்ன ஆரம்பித்திருந்தது.